1643, பிப்ரவரி பதினொன்று

பெயர் டோரத்தியா கிரிம்வேட். வயது 68. தகப்பனார் பெயர் லெனர்ட் கிரிம்வேட், காலமாகிவிட்டார். திருமணம் ஆகவில்லை. விலாசம்: சஃபோக் மாவட்டம், ஆவர்லி கிராமம், மில் சந்து, 4ஆம் எண் வீடு. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தற்போது பழைய உயில்களையும் பத்திரங்களையும் படித்து எழுதிக் கொடுக்கும் தொழில் செய்துவருகிறேன்.

இன்று 2019 ஜனவரி 24, வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நானாகவே ஹாட்ஸ்டன் காவல் நிலையத்துக்கு வந்து, சார்ஜென்ட் ஃபிஸ்க் அவர்களிடம் சிரில் பாஸ்க் என்பவருடைய சாவு சம்பந்தமாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் சொல்வது எனக்கு எதிராகவே போகலாம், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சார்ஜென்ட் எடுத்துச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்று சொன்னேன்.

எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் பின்னால் நீள வீடு என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. ஆறு அறைகள், ஆறு கதவுகள். ஊரில் வசதியில்லாத வயதானவர்கள் வாடகை இல்லாமல் அதில் குடியிருந்து வந்தார்கள். கோட்ஃப்ரி லின்ஸ்டெட் என்ற துணி வியாபாரி முந்நூற்றெழுபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அதை ஏழைகளுக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனதாக ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உயில் தேவாலயப் பெட்டியில் இருந்தது. அதுவரை அதை யாரும் எடுத்துப் படித்ததில்லை. சிரில் பாஸ்க் அந்த வீட்டின் மூன்றாவது அறையில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்தவர். வயது 81. சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு லாரி ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை.

ஊர் மண்டபத்தில் புதன்கிழமைதோறும் நான் பழைய கையெழுத்து வகுப்பு நடத்துகிறேன். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் எழுதிய எழுத்து இப்போதைய எழுத்து மாதிரி இருக்காது. எஸ் என்பது எஃப் மாதிரி நிற்கும், ஈ தலைகீழாகப் படுத்திருக்கும், எச்சின் வால் கீழ்வரியில் போய் விழும். மூன்று வருடத்துக்கு முன்னால் பாஸ்க் அந்த வகுப்பில் வந்து சேர்ந்தார். முதல் வகுப்புக்கு வரவில்லை, கண் ஆபரேஷன் என்று இரண்டாவது வகுப்பிலிருந்துதான் வந்தார். ஏன் இதைப் படிக்க வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் குடியிருக்கற வீட்டோட உயில் டீச்சர். சாகறதுக்குள்ள ஒரு தடவ நானே படிச்சுப் பாத்துடணும்" என்றார். கடைசி வரிசையில் உட்காருவார். நிறையக் கேள்வி கேட்பார். உண்மையைச் சொல்வதென்றால் அவர் எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தார். ஆனால் பார்த்து எழுதுவதில் அவர் கைக்கு ஈடாக வகுப்பில் யாரும் இல்லை. அந்தப் பெரிய விரல்களால் நானூறு வருடத்துக்கு முந்தைய குமாஸ்தா போலவே எழுதுவார்.

சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம், கோட்ஃப்ரியின் தம்பி வழியில் வந்தவரான ரூபர்ட் லின்ஸ்டெட், தன் வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியில் இன்னொரு உயில் கிடைத்ததாகச் சொன்னார். அதில் கோட்ஃப்ரி மேற்படி நீள வீட்டைத் தம்பி மகனுக்கு எழுதி வைத்திருந்தார். ஒரே ஆள் இரண்டு உயில் எழுதினால் கடைசியாக எழுதியதுதான் செல்லும். ஆகவே எது கடைசி உயில் என்பதுதான் கேள்வி. இரண்டையும் நான் படித்துச் சொல்வது என்றும், நான் சொல்வதை இரு தரப்பும் ஏற்றுக்கொள்வது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் இருந்த ஆறு பேரும் போட்டார்கள். முதல் கையெழுத்து பாஸ்க்குடையது. "எங்க டீச்சர் படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று மற்றவர்களிடம் சொன்னாராம். மேவிஸ் டவ்சன் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் பாஸ்க்குக்கு அடுத்த அறையில் இருந்தவர்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த இரண்டு உயில்களோடு உட்கார்ந்தேன். ரூபர்ட் கொண்டுவந்த உயில் சுலபம், ஒரே நாளில் முடிந்தது. தேவாலயத்து உயிலில் ஒரு வரி தண்ணீர்பட்டு ஊறிப்போயிருந்தது. அந்த வரியில் ஒரு சொல் வெறும் குச்சி குச்சியாக இருந்தது. அந்த எழுத்தில் எம், என், யு, ஐ எல்லாம் வேலிக்கம்பு நட்டது மாதிரி ஒரே உயரக் குச்சிகள்தான், எந்தக் குச்சி எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று பிரித்தால்தான் சொல் கிடைக்கும். பதினெட்டு நாள் அந்த ஒரு சொல்லைத் தின்றேன், குடித்தேன். கடைசியில் அது 'பொதுவில்' என்ற பொருள் கொண்ட சொல் என்று கண்டுபிடித்தேன். ஆறு ஏழைகளும் வீட்டைப் பொதுவில் அனுபவிக்க வேண்டியது என்று வந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

தேதி மட்டும் இரண்டு உயிலிலும் பளிச்சென்று எண்ணில் எழுதியிருந்தது. ரூபர்ட்டின் உயிலில் 1643 அக்டோபர் 3. தேவாலயத்து உயிலில் 1643 பிப்ரவரி 11. அப்படியே பார்த்தேன், அப்படியே எழுதினேன். பிப்ரவரி முதலில், அக்டோபர் பிறகு. ஆகவே அக்டோபர் உயில்தான் கடைசி உயில், நீள வீடு ரூபர்ட் லின்ஸ்டெட்டுக்கு உரியது என்று அறிக்கையில் முடிவு எழுதினேன்.

இந்த இடத்தில் சார்ஜென்ட், அதில் என்ன தவறு என்று கேட்டார். சொல்கிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்கவில்லை. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள் அன்றுதான் வருடம் மாறும். ஆகவே 1643 டிசம்பர் முடிந்த பிறகு வருவது 1643 ஜனவரி, அதற்குப் பிறகு 1643 பிப்ரவரி. அக்டோபர் 3க்கு நான்கு மாதம் கழித்து வந்ததுதான் அந்த பிப்ரவரி 11. நம் கணக்கில் அது 1644. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நாங்கள் 1643/4 என்று கோடு போட்டு இரண்டு வருடத்தையும் எழுதுவோம். என்னுடைய முதல் வகுப்பின் முதல் பாடமே இதுதான். முப்பத்தொரு வருடம் அந்தக் கோட்டைப் போட்ட கை, அன்றைக்குப் போடவில்லை. யாரும் படிக்க முடியாத சொல்லைப் படித்துவிட்ட கர்வத்தில், பச்சைப் பிள்ளையும் படிக்கக்கூடிய எண்ணை நான் படிக்கவில்லை. கடைசி உயில் ஏழைகளுடையதுதான். 'தவறுதலாக விடுபட்டது' என்று எழுதட்டுமா என்று சார்ஜென்ட் கேட்டார். இதுவரைக்கும் அப்படி எழுதலாம், இதற்கு மேல் நடந்ததற்கு எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

அதன் பிறகு அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை, ஊர் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. இரண்டு உயில்களின் வாசகத்தோடு அறிக்கையை நான் வாசித்தேன். நீள வீட்டுக்காரர்கள் முதல் வரிசையில் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். முடிவைக் கேட்டதும் மேவிஸ் டவ்சன் கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். அப்போது பாஸ்க் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அக்டோபர் உயில்ல 'என் அன்பு மனைவி ஆக்னஸுக்கு இறகு மெத்தையும் பழுப்புப் பசுவும்'னு எழுதியிருக்கு. பிப்ரவரி உயில்ல 'காலஞ்சென்ற என் மனைவி ஆக்னஸ் பக்கத்துல என்னப் புதைங்க'ன்னு எழுதியிருக்கு. பிப்ரவரில செத்தவ அக்டோபர்ல எப்படி டீச்சர் எந்திரிச்சு வந்து பசுவ வாங்கிக்குவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மிஸ்டர் பாஸ்க், அந்தக் காலத்துல ஊருக்குப் பாதிப் பொம்பளைங்க பேரு ஆக்னஸ்தான். ஒருத்தி போனதும் இன்னொருத்தியக் கட்டியிருப்பாரு. எட்டு மாசம் தாராளமான டைம்" என்றேன். மண்டபம் சிரித்தது. ரூபர்ட் லின்ஸ்டெட், "விடுங்க மேடம், லாரி ஓட்டின மனுஷன் இப்ப உயிலையும் ஓட்டிப் பாக்கறாரு" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ்க் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று உட்கார்ந்தார்.

அதன் பிறகு டிசம்பர் 31ஆம் தேதிக்குள் ஆறு பேரும் காலி செய்தார்கள். பாஸ்க்குக்கு ஹாட்ஸ்டனில் மூன்றாவது மாடியில் ஒரு அறை கிடைத்தது. பூனை வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை என்பதால் மேவிஸ் டவ்சன் அதை எடுத்துப்போனார். ஜனவரி 2 முதல் நீள வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்கள் ஜன்னல்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு, புதிதாகச் சேர்பவர்களுக்காக முதல் வகுப்புப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மார்ச் 25 என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுந்து போய் அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தேன். அடுப்பில் முட்டைக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அது வற்றி, முட்டை வெடித்து, பாத்திரம் கருகும் வரை அங்கேயே நின்றேன்.

அன்றைக்கே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஜனவரி 26ஆம் தேதி, மாவட்ட வரலாற்றுச் சங்கத்தார் எனக்குப் பதக்கம் கொடுத்துப் பாராட்டுவதாக இருந்தது. அந்த 'பொதுவில்' என்ற சொல்லைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பதக்கம். அது முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், வீடு எங்கே ஓடிப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் சரி. நேற்றுப் படிக்க வந்தவன்கூடச் செய்யாத பிழை இது. ஊர் சிரிக்கும் என்ற பயம்.

ஜனவரி 10, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு பாஸ்க் என் வீட்டுக்கு வந்தார். பேருந்தில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசல் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டுதான் பேசினேன். அவர் கையில் பள்ளிக்கூட நோட்டு இருந்தது. எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு.

"ஆக்னஸக் கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர். தேவாலயத்து அடக்கப் பதிவேட்டுல இருக்கா. டிசம்பர் ரெண்டு, 1643. கோட்ஃப்ரி பொண்டாட்டின்னே எழுதியிருக்கு. ஒரே ஆக்னஸ்தான். ரெண்டாவது கல்யாணமே நடக்கல, அந்தப் பதிவேட்டையும் பாத்துட்டேன்."

நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திப் பிடித்தேன்.

"இன்னொண்ணு பாத்தேன். டிசம்பருக்கு அப்புறம் ஜனவரி வருது, பிப்ரவரி வருது, ஆனா வருஷம் மாறல. மார்ச்சு இருபத்தஞ்சுல வந்துதான் 1644ன்னு பெருசாத் தலைப்புப் போட்டிருக்கான். அப்ப அந்த பிப்ரவரி, அக்டோபருக்குப் பின்னாடி வர்ற பிப்ரவரி. அப்படித்தானே டீச்சர்? நான் தப்பாப் படிச்சிருந்தா திட்டுங்க."

சொந்தப் புத்தியால், மூக்குக் கண்ணாடியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அவர் தானே கண்டுபிடித்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்பவர் மாதிரி நின்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு அது தாங்கவில்லை.

நான், "சரிபாக்கணும் மிஸ்டர் பாஸ்க். இதெல்லாம் லேசுல சொல்ற விஷயம் இல்ல. அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"எத்தன நாளு டீச்சர்? ஜன்னலையெல்லாம் கழட்டிட்டு இருக்காங்க."

"ஒரு வாரம்."

"ஒரு வாரம்னா சரி. நீங்க சொல்றதுதான் முறை. நான் சொன்னா லாரிக்காரன் உளர்றான்னுவாங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு கோப்பை தேநீர்கூட நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் கழிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரி 17 அன்று மதியத்துக்கு முன் இரண்டு தடவை தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. யார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 21, திங்கள்கிழமை, காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்த ஆட்கள், நீள வீட்டின் மூன்றாவது அறையில், ஜன்னல் இருந்த ஓட்டைக்குக் கீழே, பாஸ்க் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இறந்து கிடப்பதைப் பார்த்தார்கள். குளிரில் விறைத்து இறந்து மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் தரை உறைந்து கிடந்தது, அதனால் புதன்கிழமையோடு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, சார்ஜென்ட் ஃபிஸ்க் அவர்களே என் வீட்டுக்கு வந்தார். பாஸ்க்கின் கோட்டுக்குள் ஒரு தாள் இருந்தது, நிலையத்தில் யாராலும் படிக்க முடியவில்லை, இந்த மாவட்டத்தில் படிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொன்னார்கள் என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த அந்தத் தாளைக் கொடுத்தார். பழைய கையெழுத்தில் பாஸ்க் எழுதியிருந்த உயில் அது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. உள்ளதை உள்ளபடி இப்போது சொல்கிறேன்.

'கடவுள் பெயரால், ஆமென். ஆவர்லி ஊர் நீள வீட்டுக் குடியிருப்பாளன் சிரில் பாஸ்க் ஆகிய நான், உடல் தளர்ந்தும், கடவுளுக்கு நன்றி, புத்தியும் நினைவும் முழுமையாக உள்ள நிலையில், இந்தக் கடைசி உயிலை எழுதுகிறேன். முதலாவது, என் ஆன்மாவைப் படைத்தவனிடம் ஒப்படைக்கிறேன், என் உடலை என் வீட்டிலிருந்து எடுத்துப் புதைக்க வேண்டியது. மேலும், மேவிஸ் டவ்சனுக்கு என் கெட்டிலும் பூனையும். மேலும், ரூபர்ட் லின்ஸ்டெட்டுக்கு அந்த இரண்டாவது ஆக்னஸ், தேடிப்பிடித்தால் அவரே வைத்துக்கொள்ளட்டும். மேலும், என் டீச்சருக்கு இன்னும் ஒரு வாரம்.' கீழே கையெழுத்து. தேதி, 2018 ஜனவரி 17.

சார்ஜென்ட்டுக்கு நான் கெட்டிலையும் பூனையையும் மட்டும் படித்துக் காட்டினேன். மற்ற இரண்டு வரிகளைத் தாண்டிப்போனேன். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தும் அவருக்கு அது தெரிய வழி இல்லை. எண்களை மட்டும் அவரால் படிக்க முடிந்தது.

"2018ன்னு போட்டிருக்கு மேடம். அப்ப இது போன ஜனவரில எழுதினது, ஒரு வருஷம் பழசு. சாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பாவம், வயசான காலத்துல புத்தி தடுமாறி, பழைய வீட்டு ஞாபகத்துல போயிருக்காரு. அப்படியே எழுதி முடிச்சிடலாம், இல்லையா?" என்று கேட்டார்.

நான் "ஆமாம்" என்றேன். சார்ஜென்ட் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒரு வருடம் பழைய தாள் இல்லை. பழைய முறையில் எழுதினால், மார்ச் 25 வரும்வரை இந்த ஜனவரியும் 2018தான். போன வியாழக்கிழமை, நான் கேட்ட ஒரு வாரம் முடிந்த அன்று எழுதியது அது. புத்தி தடுமாறிய ஆள் எழுதிய தேதி அல்ல, இந்த மாவட்டத்திலேயே தேதியைச் சரியாக எழுதத் தெரிந்த ஆள் எழுதிய தேதி. எப்படியும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் ஒருத்தி மட்டும் படிக்கிற மாதிரி எழுதி வைத்துவிட்டு, சொல்வதா மறைப்பதா என்று என் கையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் சாகப் போனாரா, தன் வீட்டில் குடியிருக்கப் போனாரா என்று எனக்குத் தெரியாது. குடியிருக்கத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன், பக்கத்தில் பிளாஸ்கில் பாதித் தேநீர் இருந்ததாம். ஆனால் வழி தவறிப் போகவில்லை. அவர் போனது சட்டப்படி அவருக்கு உரிமையான அறைக்கு.

அவர் கொடுத்த அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது. அதனால்தான் இன்று வந்தேன்.

வரும் திங்கள்கிழமை, 28ஆம் தேதி, ரூபர்ட் லின்ஸ்டெட் நீள வீட்டைக் கட்டிட நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். மீதி ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். இந்த வாக்குமூலத்தின் நகலை இன்றே அவர்களுடைய வக்கீலுக்குக் கொடுக்கும்படியும், பாஸ்க் புத்தி தடுமாறி இறந்தார் என்று எழுதியதை அடித்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறபோது தெரியாமல் விட்டது குற்றமாகாது, போலீஸிடம் மறைத்தது குற்றம், அதற்கு வழக்கு வரும் என்று சார்ஜென்ட் சொன்னார். வரட்டும் என்றேன். பதக்கம் வேண்டாம் என்று சங்கத்துக்கு இன்று காலை கடிதம் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல சார்ஜென்ட் எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிறகு தாளை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து நானே ஒருமுறை படித்தேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை. 22ஆம் தேதி நான் சொன்ன 'ஆமாம்' மட்டும் பொய்.

(ஒப்பம்) டோரத்தியா கிரிம்வேட்

என் முன்னிலையில்,
(ஒப்பம்) சார்ஜென்ட் ஃபிஸ்க், ஹாட்ஸ்டன் காவல் நிலையம்